பெரிய ரேட்டிங் பையனோடு ஒரு டிரா

செஸ் கிளப்பில் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் ஓர் அறிவுரை இலவசமாகக் கிடைக்கும். "உன்னைவிட ரேட்டிங் கூடின ஆள் மாட்டினா, எல்லாக் காயையும் வெட்டிப் போட்டுடு. பலகை காலியானா டிரா தானா வந்துடும்." டீக்கடையில் சொல்வார்கள், யாரோடு யார் என்ற பேரிங் பட்டியல் ஒட்டியிருக்கும் சுவருக்குப் பக்கத்தில் நின்று சொல்வார்கள். இதில் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

சாட்சிக்கு வெளியூர் போக வேண்டாம். 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு ஆடினார்கள். முதல் ஆட்டம் 16 மூவில் டிரா. அடுத்த மூன்றும் டிரா. 5, 6 ஆட்டங்கள் காய்கள் குறைந்து குறைந்து யானைகள் மட்டும் மிஞ்சும் நிலைக்கு வந்தன. பார்த்துக்கொண்டிருந்த நம்மில் பலர் அவையும் டிராதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டையும் கார்ல்சன் ஜெயித்தார். அங்கேதான் போட்டி சாய்ந்தது, முடிவு 6.5க்கு 3.5. பலகை காலியாவதால் டிரா வருவதென்றால் ஆனந்துக்கு வந்திருக்காதா? காய் குறையக் குறைய, எண்ட்கேம் என்கிற அந்தக் கடைசிக் கட்டம் தெரிந்தவர் கைதான் ஓங்கும். பலமான ஆட்டக்காரருக்கும் நமக்கும் உள்ள இடைவெளி ஓப்பனிங்கில் அவ்வளவாகத் தெரியாது. ஒரு யூடியூப் வீடியோ பார்த்தால் 10 மூவ் வரை நாமும் அவர்கள் மாதிரியே ஆடிவிடலாம். எண்ட்கேமில் அது முடியாது.

எனக்குக் கிடைத்த ஒரு டிராவை வைத்து இதைச் சொன்னால் விளங்கும் என்று நினைக்கிறேன்.

சென்னையில் எங்கள் கிளப் நடத்திய ரேட்டிங் போட்டி. எதிரே உட்கார்ந்தவனுக்கு 12 வயது இருக்கும். ஏழாம் வகுப்பு. ரேட்டிங் 1890ஐ ஒட்டி. எனக்கு 1540 பக்கம். நாற்காலியில் முட்டி போட்டு உட்கார்ந்தால்தான் அவன் கை எட்டாவது வரிசைக்கு எட்டும். அவன் அம்மா கூடத்துக்கு வெளியே, மற்ற அம்மாக்களோடு, தண்ணீர் பாட்டிலும் டப்பாவுமாகக் காத்திருந்தார். சென்னையில் ஞாயிற்றுக்கிழமை செஸ் ஆடுகிற நடுவயதுக்காரர்களுக்கு இது பழகிய காட்சி. வயசுக்கு மரியாதை "அங்கிள்" என்று கூப்பிடுவதோடு சரி, பலகையில் கிடையாது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆட்டத்தின் போக்கே அதில்தான் இருக்கிறது. உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் அட்டவணைப்படி 350 புள்ளி வித்தியாசம் இருந்தால் பலமானவர் சராசரியாக ஆட்டத்துக்கு 0.89 எடுக்க வேண்டும், மற்றவர் 0.11. டிராவுக்கு 0.5, ஆக டிரா ஆனால் எனக்கு 0.39 கூடுதல். என் மாதிரி ஆட்டக்காரர்களுக்குப் பெருக்கும் எண் 20. ஆக 7.8 புள்ளி வரவு. பையனுக்கு அதே 0.39 நஷ்டம், ஆனால் பெருக்கும் எண் 40. 18 வயது நிறைகிற ஆண்டு முடியும் வரை, 2300க்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு அப்படித்தான். ஆக அவனுக்கு 15.6 போகும். எனக்குக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு அவன் இழக்கிறான். இப்படிப்பட்ட பிள்ளை டிராவுக்கு எளிதில் ஒத்துக்கொள்ளாது. கடைசிச் சிப்பாய் வரைக்கும் இழுக்கும். ராத்திரி ஆனாலும் இழுக்கும். இது தெரிந்தே உட்கார வேண்டும். 20 மூவில் கை குலுக்கிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போகலாம் என்று கனவு காணக் கூடாது.

இதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. ஜெயித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவன் தலையில், நம் தலையில் இல்லை. கட்டாயத்தில் இருப்பவர்தான் அவசரப்படுவார்.

இனி ஆட்டம். கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, வெள்ளைப் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண். நான் கறுப்பு. அவன் இ4 தள்ளினான், நான் சி6, காரோ-கான் என்கிற ஓப்பனிங். டி4, டி5, இ5, பிஷப் எஃப்5. நாலாவது மூவாக அவன் எச்4 தள்ளினான், யோசிக்காமல், பார்வையை அடுத்த பலகையில் வைத்துக்கொண்டு. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த மூவ் இது. கறுப்பு அசந்து இ6 வைத்தால் ஜி4 என்று பிஷப்பை விரட்டுவார்கள். அது இ4 போய், எஃப்3 வந்ததும் ஜி6க்குத் திரும்பும். அங்கே எச்5 வந்து மூடிவிடும். பிஷப் போச்சு. ஏழு மூவில் ஆட்டம் முடிந்த மாதிரி. அதற்குப் பதில் எச்5 என்று நானும் ஒரு சிப்பாயை முன்னால் வைத்தேன். இந்த எச்5ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

அப்புறம் அவன் பிஷப்பை டி3க்குக் கொண்டுவந்தான், வெட்டினேன், ராணியால் திருப்பி வெட்டினான். இங்கேதான் அந்த அறிவுரையின் சரியான பாதி இருக்கிறது. வெட்டுவதற்கு முன் எந்தக் காய் போகிறது, எந்தக் காய் மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். அவனுடைய டி4, இ5 சிப்பாய்கள் இரண்டும் கறுப்புக் கட்டத்தில் நிற்கின்றன. வெள்ளைக் கட்ட பிஷப் போனபின் அவனிடம் மிஞ்சியது கறுப்புக் கட்ட பிஷப். சொந்தச் சிப்பாய்களே அதன் வழியை மறிக்கும். அவனுடைய நல்ல பிஷப் போனது, சுமாரானது மிஞ்சியது. இப்படிப்பட்ட மாற்று எத்தனை வந்தாலும் தயங்காமல் செய்யலாம்.

அடுத்து ராணியை ஏ5க்கு இறக்கி செக் கொடுத்தேன், அவன் பிஷப்பை டி2இல் வைத்து மறைத்தான், நான் ராணியை ஏ6க்கு நகர்த்தி அவன் ராணிக்கு எதிரே நிறுத்தினேன். காரோ-கான் ஆடுபவர்களுக்குத் தெரிந்த வழிதான். அவன் ஒரு நொடிகூட எடுக்கவில்லை. டக்கென்று வெட்டினான், நான் குதிரையால் வெட்டினேன். எட்டாவது மூவில் ராணிகள் இல்லை. பக்கத்துப் பலகைக்காரர், என் கிளப் நண்பர், எட்டிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "பரவால்லயே, ராணி போயாச்சு" என்று அர்த்தம். எனக்கு அந்தப் பையன் வெட்டின வேகம்தான் கண்ணில் நின்றது. ராணி இல்லாமல் ஆட அவனுக்குத் துளி பயமும் இல்லை. 350 புள்ளி கூடுதல் உள்ளவன் ராணியை இப்படிச் சந்தோஷமாகக் கொடுக்கிறான் என்றால் "நீளமான எண்ட்கேமுக்கு நான் ரெடி, நீ ரெடியா?" என்று கேட்கிறான்.

நடு ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என் குதிரை எஃப்5இல் வசதியாக நின்றது. எச்5 சிப்பாய் இருப்பதால் அதை ஜி4 தள்ளி விரட்டுவது அவனுக்கு எளிதாக இல்லை. 20ஆவது மூவை ஒட்டி நிலை சமம். டிரா கேட்கலாமா என்று மனசு அரிக்கிற இடம் இதுதான். நான் கேட்கவில்லை. ரேட்டிங் குறைந்தவர் சமமான நிலையில் டிரா கேட்டால் எதிராளிக்கு இரண்டு செய்தி போகிறது: ஒன்று, இவர் பயப்படுகிறார், இரண்டு, இவருக்கு இந்த நிலையில் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டும் அவருக்குத் தெம்பு. மறுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்வார். நமக்கோ மறுக்கப்பட்ட கடுப்பு அடுத்த பத்து மூவுக்கு இருக்கும்.

கேட்பதென்றால் முறையும் தெரிந்திருக்க வேண்டும், கிளப்பில் பாதிப் பேர் தப்பாகத்தான் கேட்கிறார்கள். நம் மூவைப் பலகையில் ஆடிவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டும். கேட்டபின் வாபஸ் வாங்க முடியாது. எதிராளி வாயால் மறுக்கலாம், அல்லது ஆடுகிற எண்ணத்தோடு ஒரு காயைத் தொட்டாலே மறுத்ததாகக் கணக்கு. டிரா கேட்டதை இருவரும் மூவ் எழுதும் ஸ்கோர்ஷீட்டில் சமக்குறியாகக் குறிக்க வேண்டும். சும்மா சும்மா கேட்டால் எதிராளியைத் தொந்தரவு செய்ததாக ஆர்பிட்டர், அதாவது நடுவர், கண்டிக்கலாம், விதியிலேயே இருக்கிறது.

25ஆவது மூவுக்கு மேல் பையன் தன் வேலையைக் காட்டினான். சி நெடுவரிசையைப் பிடித்து, யானையை ஏழாவது வரிசைக்குள் நுழைத்து, பி7 சிப்பாயைத் தூக்கிக்கொண்டு போனான். ஆடம்பரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு மூவிலும் ஏதோ ஒன்றை மிரட்டினான். ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காக்க முடியாது. பலம் என்பது பெரும்பாலும் இதுதான். தியாகம், காம்பினேஷன் எல்லாம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

ஒரு சிப்பாய் குறைந்தபின் என்ன செய்வது? இதற்குப் பழைய விதி ஒன்று இருக்கிறது, நான் பார்த்தவரை இதைப் போல உருப்படியான விதி வேறில்லை: முன்னால் இருப்பவர் சிப்பாய் அல்லாத காய்களை வெட்ட வேண்டும், பின்னால் இருப்பவர் சிப்பாய்களை வெட்ட வேண்டும். காரணம் எளிது. எதிராளிக்கு ஜெயிக்க ஒரு சிப்பாய் ராணியாக வேண்டும். சிப்பாயே இல்லாவிட்டால் ஒரு குதிரையோ ஒரு பிஷப்போ கூடுதலாக வைத்திருந்தும் பெரும்பாலும் ஜெயிக்க முடியாது. ஆகவே ராணிப் பக்கத்தில் எங்கே சிப்பாய்கள் முட்டினாலும் வெட்டினேன். நடுவில் அவன் டி சிப்பாயும் என் இ சிப்பாயும் போயின. ஒரு பக்கத்தில் மட்டும் சிப்பாய் மிஞ்சினால் காப்பவருக்கு வேலை பாதி குறையும், ராஜா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட வேண்டியதில்லை. குதிரையும் பிஷப்பும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டபின் மிஞ்சியது இது: ஆளுக்கு ஒரு யானை. அவனுக்கு இ5, எஃப்4, ஜி3, எச்4 என்று நாலு சிப்பாய். எனக்கு எஃப்7, ஜி6, எச்5 என்று மூன்று. எல்லாம் ராஜா பக்கம்.

நாலுக்கு மூன்று, ஒரே பக்கம், யானைகளோடு. எண்ட்கேம் படித்தவர்களுக்கு இது பழைய சொந்தக்காரர் மாதிரி. சரியாக ஆடினால் டிரா என்பது பொதுவான முடிவு. ஆனால் "சரியாக" என்ற சொல்லுக்குள் எவ்வளவோ இருக்கிறது. 1930இல் ஹேஸ்டிங்ஸில் காபபிளாங்கா யேட்ஸுக்கு எதிராக இதே நாலுக்கு மூன்றை ஜெயித்தார். 1956இல் மாஸ்கோவில் போட்வின்னிக் நஜ்டார்ஃபை இதே மாதிரி நிலையில் ஜெயித்தார். காப்பவருக்கு எஃப்7, ஜி6, எச்5 என்ற அமைப்புதான் நல்லது என்பார்கள். சிப்பாய் எச்5இல் நின்றால் வெள்ளை ஜி4 தள்ளி, எச்5 தள்ளி நம்மை நெருக்க முடியாது. ஜி4 தள்ளினாலே ஒரு ஜோடி சிப்பாய் வெட்டுப்பட்டுப் போகும். பிஷப்பைக் காப்பாற்ற நாலாவது மூவில் வைத்த சிப்பாய் 40ஆவது மூவில் இப்படிக் கைகொடுத்தது. நான் திட்டம் போட்டு வைத்ததில்லை. காரோ-கானில் அந்தச் சிப்பாய் அங்கே போகும், போனால் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டதுதான்.

யானையைப் பற்றி ஒரு வார்த்தை. காக்கிறோம் என்றதும் கை தானாக யானையைச் சிப்பாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கும். அதைச் செய்யக் கூடாது. காவலுக்கு உட்கார்ந்த யானை அங்கேயே சாகும். தூரத்தில், எதிராளியின் சிப்பாய்களுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அங்கிருந்து ராஜாவுக்கு செக் கொடுக்கலாம், சிப்பாயைத் தொந்தரவு செய்யலாம். நான் என் யானையை முதல் வரிசை, இரண்டாவது வரிசை என்று அவன் வீட்டுக்குள்ளேயே உலவ விட்டேன். அவன் ராஜா வெளியே வரும்போதெல்லாம் ஒரு செக். அவன் முகம் சுருங்க ஆரம்பித்தது. அதுவரை மூவ் ஆடிவிட்டு எழுந்து மற்ற பலகைகளைச் சுற்றிவந்தவன், இப்போது நாற்காலியை விட்டு நகரவில்லை.

நேரம்: ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் 30 நொடி கூடுதல். பிள்ளைகள் வேகமாக ஆடுவார்கள், நாமும் அந்தத் தாளத்துக்கு ஆட ஆரம்பிப்போம். நமக்கே தெரியாது. நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: எதிராளியின் மூவை முதலில் ஸ்கோர்ஷீட்டில் எழுதிவிட்டு, பேனாவைக் கீழே வைத்தபிறகுதான் யோசிப்பேன். 30 நொடி கூடுதல் உள்ள ஆட்டத்தில் எப்படியும் கடைசிவரை எழுதியே ஆக வேண்டும், அந்த எழுத்தையே பிரேக்காகப் பயன்படுத்திக்கொள்ளலாம். எண்ட்கேமுக்கு வரும்போது கையில் 15 நிமிடமாவது இருந்தால் நிம்மதி. மூன்று மணி நேரம் தாண்டும் ஆட்டத்தில் நாற்பது வயசுக்கு மேல் மூளை முதலில் பசியில்தான் சோரும். சட்டைப் பையில் கடலை மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். கூடத்துக்குள் சாப்பிட விடாவிட்டால் வெளியே வந்து வாயில் போட்டுக்கொண்டு போங்கள்.

பையன் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தான். பிறகு பொறுமை போனது. ஜி4 தள்ளினான், எச் சிப்பாயால் வெட்டினேன், ராஜாவால் வெட்டினான். எஃப்5 தள்ளினான், வெட்டினேன், அதுவும் செக், ராஜாவால் வெட்டினான். இப்போது அவனுக்கு இ5, எச்4. எனக்கு எஃப்7 மட்டும். இன்னும் சில மூவில் என் யானை எச்4ஐத் தின்றது, அவன் யானை எஃப்7ஐத் தின்றது. பலகையில் இரண்டு ராஜா, இரண்டு யானை, இ5இல் ஒரே ஒரு வெள்ளைச் சிப்பாய்.

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஃபிலிடார் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். ஆபரா இசையமைப்பாளர், 18ஆம் நூற்றாண்டில் செஸ்ஸிலும் பெரிய ஆள். யானையும் சிப்பாயும் ஒரு பக்கம், யானை மட்டும் மறுபக்கம் என்ற நிலையில் எப்படிக் காப்பது என்று அவர் 1777இல் அச்சில் காட்டினார். இரண்டே விஷயம்தான். ஒன்று: உங்கள் ராஜா சிப்பாய்க்கு நேர் எதிரே, அது ராணியாகப் போகிற கட்டத்தில் நிற்க வேண்டும். என் ராஜா இ8இல். இரண்டு: சிப்பாய் ஐந்தாவது வரிசையில் இருக்கும்வரை உங்கள் யானை ஆறாவது வரிசையில் குறுக்கே நிற்க வேண்டும். வெள்ளை ராஜா டி5க்கு வரலாம், எஃப்5க்கு வரலாம், ஆறாவது வரிசையை மட்டும் தாண்ட முடியாது. நீங்கள் யானையை ஏ6, பி6, ஏ6, பி6 என்று ஆட்டிக்கொண்டே இருக்கலாம். வேறெதுவும் செய்ய வேண்டாம்.

எதிராளிக்கு ஒரே வழி, சிப்பாயை இ6க்குத் தள்ளுவது. அடுத்து ராஜா சிப்பாய்க்குப் பக்கத்தில் ஆறாவது வரிசைக்கு வந்துவிட்டால் எச்7இல் நிற்கும் யானை எச்8 போய் மேட். அந்தச் சிப்பாய் இ6ஐத் தொட்ட அதே நொடியில் உங்கள் யானை ஆறாவது வரிசையை விட்டுவிட்டு முதல் வரிசைக்கு இறங்க வேண்டும். பி1. ஏனென்றால் சிப்பாய் இ6இல் நிற்பதால் வெள்ளை ராஜாவுக்கு அந்தக் கட்டத்தில் ஒதுங்கி நிற்க இனி இடமில்லை. பின்னாலிருந்து செக், செக், செக். ஓடி ஒளிய மறைவே கிடையாது.

கிளப்பில் தோற்பவர்கள் இரண்டு இடத்தில் தோற்கிறார்கள். ஒன்று, பயத்தில் யானையை எட்டாவது வரிசையில் ராஜாவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது. ஓரத்துச் சிப்பாய்களுக்கு, அதாவது ஏ, பி, ஜி, எச் நெடுவரிசைகளில் இருப்பவற்றுக்கு, அது பலிக்கும். நடுவில் உள்ள சிப்பாய்க்குப் பலிக்காது. இன்னொன்று, இ6 தள்ளியபிறகும் பழக்க தோஷத்தில் யானையை ஆறாவது வரிசையிலேயே ஆட்டிக்கொண்டிருப்பது. தாமதித்தால் ஆட்டம் போய்விடும்.

பையன் ராஜாவை டி5க்குக் கொண்டுவந்தான், யானையை எச்7இல் நிறுத்தினான். நான் ஏ6, பி6 என்று ஆட்டினேன். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இ6. நான் எழுதினேன், பேனாவை வைத்தேன், யானையை முதல் வரிசைவரை இழுத்து பி1இல் வைத்தேன். அதுவரை குனிந்தே இருந்த பையன் தலையை நிமிர்த்தி ஒரு தடவை என்னைப் பார்த்தான். அந்த ஆட்டத்தில் அவன் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

விடவில்லை, ஆடினான். ராஜா டி6, நான் டி1 செக். இ5, இ1 செக். எஃப்6, எஃப்1 செக். திரும்ப இ5, இ1 செக். டி6, டி1 செக். மறுபடி இ5. இப்போது நான் யானையை இ1க்கு நகர்த்தினால் அதே நிலை மூன்றாம் தடவை வரும். இங்கே நிறையப் பேர் ஆடிவிட்டுப் பிறகு ஆர்பிட்டரைத் தேடுவார்கள். ஆடிவிட்டால் அந்தச் சமயத்துக்கு உரிமை போய்விடும். காயைத் தொடாமல், ஆடப்போகும் மூவை ஸ்கோர்ஷீட்டில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, ஆர்பிட்டரைக் கூப்பிட்டு, "இதை ஆடினால் மூன்றாம் தடவை, டிரா கேட்கிறேன்" என்று சொல்ல வேண்டும். தப்பாகக் கேட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான் தண்டனை. ஐந்து தடவை வந்துவிட்டால் யாரும் கேட்காமலே ஆர்பிட்டர் நிறுத்திவிடுவார். ஆனால் அதுவரை காத்திருந்து கை தவறி வேறு காயைத் தொட்டுவிட்டால்? கேட்கும் உரிமை இருக்கும்போது கேட்டுவிடுவது நல்லது. ஆர்பிட்டர் இரண்டு ஸ்கோர்ஷீட்டையும் வாங்கிச் சரிபார்த்துத் தலையாட்டினார். பையன் கையை நீட்டினான்.

வெளியே வந்ததும் அவன் அம்மா "என்னடா ஆச்சு?" என்றார். "டிராம்மா." "யாரோட? இந்த அங்கிளோடயா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் வாட்டர் கூலர் பக்கம் நகர்ந்துவிட்டேன். ஆனால் பையன் விடவில்லை. டப்பாவைக்கூடத் திறக்காமல் சின்ன பலகை ஒன்றை விரித்து, "வாங்க அங்கிள், பாக்கலாம்" என்றான். தோற்ற ஆட்டத்தையோ டிராவான ஆட்டத்தையோ எதிராளியோடு உடனே உட்கார்ந்து பார்ப்பதைப் போன்ற பயிற்சி வேறு கிடையாது, அதுவும் நம்மைவிடப் பலமான ஆளாக இருந்தால் கூலி கொடுக்காமல் கிடைத்த கோச்சிங்.

"உங்களுக்கு ஃபிலிடார் தெரியும்னு நான் நினைக்கல அங்கிள்" என்றான், ஒளிவுமறைவில்லாமல். "சரி, நாலுக்கு மூணுல நீ எங்கடா விட்ட?" என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னான்: "ஜி4 தள்ளிருக்கக் கூடாது. சிப்பாய் வெட்டுப்படுறது உங்களுக்குத்தான் நல்லது. சும்மா சுத்திட்டே இருந்திருக்கணும். நீங்க டயர்ட் ஆயிருப்பீங்க." கடைசி வாக்கியத்தை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அவன் கோச் சொல்லிக்கொடுத்த உத்தியாகவே இருக்கும். அதில் தப்பும் இல்லை.

பையன் சொன்னதைத் திருப்பிப் போட்டால் பலமான பக்கத்தில் உட்காரும்போது என்ன செய்வது என்பதும் கிடைத்துவிடும். என்னைவிட ரேட்டிங் குறைந்தவர்களோடு ஆடும்போது சிப்பாய்களை இரண்டு பக்கமும் வைத்துக்கொள்வேன். சிப்பாய் வெட்டும் வாய்ப்பு வந்தால் இரண்டு தடவை யோசிப்பேன். நிலை நன்றாக இருந்தால் எதையும் அவசரமாகத் தீர்க்க மாட்டேன். ஒன்றை மட்டும் செய்ய மாட்டேன்: டிரா ஆகிவிடுமோ என்ற பயத்தில் மோசமான மூவை ஆடி "சிக்கலாக்குவது". ரேட்டிங் கூடியவர்கள் தோற்கும் ஆட்டங்களில் பாதி அப்படித்தான் தோற்கப்படுகின்றன.

இன்னொரு எச்சரிக்கை. நம் ஊரில் பிள்ளைகளின் ரேட்டிங்கை நம்பாதீர்கள். வாரம் முழுக்க ஆன்லைனில் ஆடுகிற பிள்ளை ஆண்டுக்குச் சில போட்டிகளில்தான் ரேட்டிங் ஆட்டம் ஆடும். பலம் ஏறுகிற வேகத்துக்கு எண் ஏறாது. 1500 என்று பேரிங்கில் போட்டிருக்கும், பலகையில் 1800 உட்கார்ந்திருக்கும். நமக்கோ நேர்மாறு.

வீட்டுக்கு வந்ததும் ஆட்டத்தை லிச்செஸ் இணையதளத்தில் ஏற்றினேன். அவனுக்கு இரண்டு சிப்பாயும் எனக்கு ஒன்றுமாக இருந்த நிலையில் ராஜாக்களையும் சேர்த்து மொத்தம் ஏழு காய். ஏழு காய்வரை எல்லா நிலைகளுக்கும் டேபிள்பேஸில் விடை உண்டு. இன்ஜினின் மதிப்பீடு இல்லை, முடிவான தீர்ப்பு. அங்கே ஒவ்வொரு மூவாகத் தட்டிப் பார்த்தால் எது காப்பாற்றும், எது கவிழ்க்கும் என்று உடனே காட்டிவிடும். காசு கிடையாது. எண்ட்கேம் படிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட எளிய வாத்தியார் இல்லை. ஆனால் முதலில் நீங்களாக ஒரு மூவைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் பாருங்கள். முதலிலேயே விடையைப் பார்த்தால் கண்ணுக்குப் பழகும், கைக்குப் பழகாது.

கைக்குப் பழக, நானும் என் நண்பரும் செய்வது இது. ராஜா, யானை, இ5 சிப்பாய் ஒரு பக்கம். ராஜா, யானை மறுபக்கம். ஆளுக்கு 5 நிமிடம். முதலில் ஒருவர் காப்பார், அப்புறம் பக்கம் மாற்றிக்கொள்வோம். சிப்பாயை டி நெடுவரிசைக்கும் சி நெடுவரிசைக்கும் மாற்றி வைத்துப் பார்ப்போம். ஜெயிக்க முயல்பவர் எல்லாத் தந்திரமும் செய்யலாம், கடிகாரத்தை அடித்து மிரட்டுவது உட்பட. இதில் சலிப்புத் தட்டும் அளவுக்கு டிரா வர ஆரம்பித்ததும், அடுத்து நாலுக்கு மூன்றை எடுத்து வையுங்கள். அது சீக்கிரம் சலிக்காது.